அடுப்பு நாலாம் தொகுதியில், தொட்டி ஆறாம் தொகுதியில்

அளவு நாடாவின் ஒரு முனையை அடுப்புத் திட்டில் செங்கல் வைத்து அழுத்திவிட்டு, மறுமுனையைப் பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் இழுத்தேன். கையிலிருந்த வரைபடத்தை ஒரு தடவை பார்த்தேன். தரையை ஒரு தடவை பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். சொல்லித்தானே ஆகவேண்டும், சொல்லிவிட்டேன்.

"டோன்யா எத்தெல்வினா, உங்க அடுப்பு நாலாம் தொகுதியில இருக்கு. தொட்டி ஆறாம் தொகுதிக்குப் போயிருச்சு."

அந்த அம்மா பீன்ஸ் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நான் சமைக்கிறது ஒரு எம்.பி.க்கு, கழுவுறது இன்னொரு எம்.பி.க்கா? நல்லா இருக்கே இன்ஜினியர் உங்க நியாயம்."

நான் இன்ஜினியர் இல்லை. எங்கள் பக்கத்தில் காலில் பூட்ஸும் கையில் கிளிப் வைத்த அட்டையும் இருந்தால் கழுதையைக்கூட இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள்; வயதில் பெரியவர்களை டோன், டோன்யா என்பது மாதிரி அதுவும் ஒரு மரியாதை. என் பெயர் எலியோதோரோ. தேர்தல் அலுவலகத்தின் கிளையில் இருபத்திரண்டு வருஷமாக எல்லை நடக்கிற வேலை. தலைநகரத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யாராவது ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு நிஜத்தில் எங்கே போகிறது என்று வெயிலில் நடந்து பார்த்து, நாயிடம் கடி வாங்கி, ஜனங்களிடம் வசவு வாங்கி எழுதி அனுப்புவது என் பிழைப்பு. நாய்க்கடி மூன்று. வசவுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் சாந்தா ரீத்தா. நான் பிறந்தபோது இது ஒன்பதாம் தொகுதி. பள்ளிக்கூடம் போகும்போது இரண்டாம் தொகுதி. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஏழு. அப்புறம் நாலு. இத்தனைக்கும் ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. ஜனத்தொகைக் கணக்கு எடுத்து முடித்ததும் ஒரு தொகுதியில் ஆயிரம் தலை கூடுதல், பக்கத்துத் தொகுதியில் ஆயிரம் தலை குறைச்சல் என்பார்கள். அந்த ஆயிரம் தலை எப்போதும் நாங்கள்தான். ஒரு தொகுதிக்கு வாலாக இருந்திருக்கிறோம், இன்னொன்றுக்குக் கால் சுண்டுவிரலாக இருந்திருக்கிறோம். தலையாக ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு தடவை ஜெயித்த எம்.பி. ஒருவர் நன்றி சொல்ல வந்தார். மேடையேறி, "சான் மாமெர்த்தோ மக்களே!" என்று கையை விரித்தார். சான் மாமெர்த்தோ அடுத்த ஊர், போன திருத்தத்திலேயே வேறு தொகுதிக்குப் போய்விட்டது. நாங்களும் கை தட்டினோம். பாவம், அவருக்கும் புது வரைபடம் வந்து சேர்ந்திருக்காது.

இந்தத் தடவை வந்த ஆணையில் நாலுக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள எல்லையை இப்படி எழுதியிருந்தார்கள்: மாவு மில் மூலையிலிருந்து வாய்க்காலின் நடுக்கோடு வழியாகக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரை. எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய வரைபடத்தில் அங்கே அழகாக ஒரு நீலக்கோடு ஓடுகிறது. நிஜத்தில் அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடி முப்பது வருஷம் ஆகிறது. அது இருந்த இடத்தின் மேல்தான் டோன்யா எத்தெல்வினாவின் சமையலறையும் முற்றமும் இருக்கின்றன.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். அவருடைய அப்பா சாகும்போது வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து மனையை மகளுக்கும், அந்தப் பக்கத்து மனையை மகன் மெலித்தோனுக்கும் எழுதிவைத்தார். வாய்க்காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஓடுகிற தண்ணீரை யார் பங்கு போடுவார்கள்? தண்ணீர் நின்றது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எத்தெல்வினாவின் கணவர் அபுந்தியோ, இப்போது இல்லை, நல்ல மனுஷன், ஒரு வாரக் கடைசியில் வாய்க்காலின் மூன்று மீட்டர் அகலத்துக்கும் கான்கிரீட் போட்டு மூடி, அந்தக் கரையில் சுவரையும் எழுப்பிவிட்டார். மெலித்தோன் சந்தையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் வாய்க்காலைக் காணோம். பாதி வாய்க்கால் என்னுடையது என்று கத்தினார். அதற்கு எத்தெல்வினா தெருவில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "நீ எங்கம்மா பெத்த புள்ளையே இல்லடா, வாய்க்கால்ல மிதந்து வந்தவன்" என்றார். "அப்படின்னா வாய்க்கால் முழுக்க என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு மெலித்தோன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுதான் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

அந்த முற்றம் நல்ல விசாலம், நிழல் உண்டு. அதனால் அடுத்த வருஷத் தேர்தலிலேயே எங்கள் அலுவலகம் அதை வாக்குச்சாவடியாகக் கேட்டது. அந்த அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ஆறு தேர்தல் அங்கே நடந்திருக்கிறது. ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு எல்லாம் சோளக்கஞ்சியும், சோளமாவை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்த தமாலும் அவர் செலவு. எந்தக் கட்சி என்று கேட்கமாட்டார். கேட்டால் பாதி ஊர் பட்டினியாகத்தான் போகவேண்டும்.

அன்றைக்குச் சமையலறையில் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, நல்ல சேதி சொல்வதாக நினைத்துச் சொன்னேன்.

"கவலைப்படாதீங்க. வீட்டு வாசல் நாலாம் தொகுதியிலதான் இருக்கு. உங்க ஓட்டும் இங்க, சாவடியும் இங்கதான். முத்தத்துல ஒரு கோடு போட்டுக்குவோம், அவ்வளவுதான்."

"அந்தப் பக்கத்து வீடு?"

"எது, டோன் மெலித்தோன் வீடா? அது ஆறு. அவருக்கு இனிமே பள்ளிக்கூடத்துல ஓட்டு."

கரண்டி நின்றது. அந்த அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மூன்று நாய்க்கடி தேவலை.

"கோட்டை மாத்துங்க," என்றார்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. காலையில் நான் அலுவலகம் திறப்பதற்கு முன்னால் வாசலில் நிற்பார். வரைபடம் தப்பு என்பார். வாய்க்கால் இங்கே ஓடவே இல்லை, தம்பி வீட்டுக்கும் அந்தப் பக்கம் ஓடியது என்பார். "டோன்யா, சின்ன வயசுல நானே இதுல குளிச்சிருக்கேன்" என்றால், "நீங்க எங்க குளிச்சீங்கன்னு உங்களுக்கே தெரியாது" என்பார். ஊர் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது. தம்பி வேறு தொகுதிக்குப் போனால் நாளைக்கு அந்தத் தொகுதி எம்.பி.யைப் பிடித்து வாய்க்காலைத் திரும்ப வாங்கிவிடுவான் என்று கிழவிக்குப் பயம், அதுதான் ஆட்டம் என்றார்கள். நானும் நம்பினேன். பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு என்னதான் வேணும் டோன்யா? பேசாத தம்பி எந்தத் தொகுதியில இருந்தா உங்களுக்கென்ன?"

வெடிப்பார் என்றுதான் நினைத்தேன். என் மேஜைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பாக்குறேன், இன்ஜினியர். சட்டம் சொல்லுதுன்னு வர்றான். எனக்காக வரமாட்டான், நானும் கூப்பிட மாட்டேன். ஆனா அட்டையைக் காட்டணும், கட்டைவிரல்ல மை வைக்கணும், என் முத்தத்துல நின்னுதான் ஆகணும். போன தடவை காது மேல எல்லாம் நரைச்சுப் போயிருந்தான். அதையும் கோடு போட்டு எடுத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் எப்ப பாக்குறது? பெட்டிக்குள்ள வச்சப்புறமா?"

ஆறு தேர்தலாக நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். மெலித்தோன் காலை எட்டு மணிக்குத் தொப்பியோடு முதல் ஆளாக வருவார். ஓட்டைப் போடுவார். எல்லாருக்கும் சிவப்பு மிளகாய்ப் பன்றிக்கறி தமால். அவருக்கு மட்டும் துணி மூடிய தட்டிலிருந்து பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்தது ஒன்று வரும். நின்றபடியே தின்றுவிட்டு, இலையை மடித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவார். ஆறு தமால், ஒரு சொல் கிடையாது. எல்லைக்கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத மடையன் நான், கறி தின்னாதது அவருடைய நேர்த்திக்கடன் என்று ஊரில் யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன்.

விதிப்புத்தகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். வழி இருந்தது. எல்லையாகக் காட்டிய ஆறோ வாய்க்காலோ நிலத்தில் இப்போது இல்லை என்றால், கோடு அருகிலுள்ள தெருவுக்கு நகரும். அருகிலுள்ள தெரு மெலித்தோன் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிறது. அக்கா தம்பி இரண்டு பேரும் நாலாம் தொகுதியில் வந்துவிடுவார்கள். ஆனால் ஒரு வில்லங்கம். வாய்க்கால் எப்போது, யாரால் மூடப்பட்டது, அதற்கு முன்னால் அது யாருடையது என்று எழுதி, இரண்டு கரைக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒரு வரி: 'மேற்படி வாய்க்கால் இரு கரையாருக்கும் பாதிப் பாதியாக உரிமையுடையதாக இருந்து'. டோன்யா எத்தெல்வினா கண்ணாடியைப் போட்டு, எடுத்து, துடைத்து, மறுபடி போட்டார்.

"இந்தப் பாதிப் பாதி அவசியமா?"

"அவசியம்."

"கால்னு போட முடியாதா?"

"நடுக்கோடுன்னு ஆணையே சொல்லுது டோன்யா. நடுவுன்னா பாதிதான்."

காகிதத்தை மேஜைமேல் விட்டுவிட்டு எழுந்துபோனார். ஒரு பானையைத் தேய்த்தார். சுத்தமாக இருந்த பானையைத்தான். திரும்பி வந்து, "அபுந்தியோ, மன்னிச்சுக்கோ," என்று உத்தரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் பேனா பொத்தலே போட்டுவிட்டது.

சுவரில் கதவு கிடையாது. ஆகவே தெருவைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் அறுநூற்றுச் சொச்சம் அடி நடந்து, மெலித்தோன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க இன்ஜினியர். எனக்கு ஆறாம் தொகுதி ரொம்பப் பிடிச்சிருக்கு. பள்ளிக்கூடம், காத்தோட்டம், சுத்தமான கக்கூஸ். எதுக்கு மாத்தணும்?"

"உங்க அக்காதான் மனு குடுத்திருக்காங்க."

"இருக்கும். இந்தப் பக்கத்துலயும் ஒரு மூணு மீட்டர் தேவைப்படுதோ என்னமோ." சுவர் இருந்த திசைக்குத் தாடையை ஆட்டினார். "அபுந்தியோ கட்டின சுவர் அது. ஒத்தைச் செங்கல், கலவையில பாதி மண்ணு. நான் நினைச்சா ஒரே சுத்தியல். பாவம்னு விட்டு வச்சிருக்கேன்."

காகிதத்தை நீட்டினேன். படித்தார். 'மூடப்பட்டது' என்ற இடத்தில் விரலை வைத்தார். "திருடி மூடப்பட்டதுன்னு திருத்துங்க."

"நிலவரைபடத்துல அப்படி ஒரு வகை இல்லை டோன் மெலித்தோன்."

"வகை இல்லாம இருக்கலாம். திருட்டு இருக்குல்ல?"

மேலே படித்தார். 'பாதிப் பாதியாக' வந்ததும் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மூன்றாம் தடவை உதடு அசையப் படித்தார்.

"இதுல அவளே கையெழுத்துப் போட்டாளா?"

"என் கண்ணு முன்னாடி."

"யாரும் கையைப் பிடிச்சு முறுக்கலையே?"

"உங்க அக்கா கையையா?"

அதற்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை நான் பார்க்கக்கூடாது என்று தொப்பியை இறக்கிக்கொண்டார். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, ரொம்ப அலட்சியமாகக் கேட்டார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல, ஓட்டுப் போட்டப்புறம், ஏதாவது குடுப்பாங்களா?"

"என்ன குடுப்பாங்க?"

"திங்க."

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

கையெழுத்துப் போட்டார். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார். நான் கிளம்பும்போது அந்த நகலைக் கன்னிமாதா படத்துக்குப் பக்கத்தில், மாதாவைவிட ஒரு விரற்கடை உயரமாக, ஒட்டிக்கொண்டிருந்தார்.

மனு மேலே போனது. இரண்டு மாதம் கழித்து முத்திரையோடு பதில் வந்தது. ஆதாரங்கள் ஏற்கத்தக்கவை, வாய்க்கால் இல்லை என்பது உறுதி, கோரிக்கை நியாயமானது, ஆகவே அடுத்த எல்லைத் திருத்தத்தின்போது பரிசீலிக்கப்படும். அடுத்த திருத்தம் என்றால் அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்கு அப்புறம். பத்து வருஷம். இல்லாத வாய்க்கால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று அர்த்தம். டோன்யா எத்தெல்வினாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப எனக்கு எழுபத்தேழு," என்று மட்டும் சொன்னார்.

தேர்தல் ஜூன் மாத முதல் ஞாயிறு. சாவடி அதிகாரிகளைப் பிறந்த மாதத்தையும் குடும்பப்பெயரின் முதல் எழுத்தையும் வைத்துக் குலுக்கித்தான் எடுப்பார்கள். இந்தத் தடவை தலைவர் பதவி முடிதிருத்துகிற நாசாரியோவுக்கு விழுந்திருந்தது. மனுஷன் ஒரு மாதம் பயிற்சிக் கையேட்டை வரி விடாமல் மனப்பாடம் செய்து, கழுத்தில் டையோடு வந்து நின்றார். நான் ஏழு மணிக்கே முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். மேஜை, பெட்டி, மறைப்பு எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். சுவரோரத்து ஒன்றரை மீட்டரில், பூந்தொட்டிகள் இருந்த பகுதி, ஆறாம் தொகுதி. ஒரு கட்சியின் பிரதிநிதியாக வந்திருந்த ஓஃபேலியா என்ற டீச்சரம்மா, எதிர்க்கட்சிக்காரருடைய நாற்காலியின் பின்னங்கால் இரண்டும் வேறு தொகுதியில் இருப்பதாக ஆட்சேபம் எழுப்பினார். நாசாரியோ அதைச் சம்பவத்தாளில் பதிவு செய்தார். நாற்காலி நகர்ந்தது.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. முதல் ஆளாக வந்தது ரொட்டிக்கடைக்காரர். டோன்யா எத்தெல்வினா எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார், தமால் கொடுத்தார், இடையிடையே வாசலைப் பார்த்தார். துணி மூடிய தட்டு சலவைக்கல்லின் மேல் இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தும் நான் பார்த்தேன்.

"வரமாட்டான்னு எனக்குத் தெரியும்," என்றார் என்னிடம், நான் கேட்காமலேயே. "இந்தக் கண்ணுதான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

பத்து நாற்பதுக்கு இருக்கும். மறைப்புக்குள் தபால்காரரின் மனைவி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் 'டம்' என்று ஒரு சத்தம். ஒரு பூந்தொட்டி கவிழ்ந்தது. இன்னொரு 'டம்'. காரை உதிர்ந்தது. நாசாரியோ எழுந்து, இரண்டு கையையும் விரித்துப் பெட்டியின்மேல் படுத்தேவிட்டார். கையேட்டில் அப்படி இருந்ததோ என்னமோ. மூன்றாவது அடிக்கு ஒரு செங்கல் கழன்று இந்தப் பக்கம் விழுந்தது. புழுதி அடங்கியதும் அந்த ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. கிழட்டுக் கை. கட்டைவிரலில் புத்தம்புது மை.

"ஆட்சேபம்!" என்று ஓஃபேலியா டீச்சர் துள்ளி எழுந்தார். "அது ஓட்டுப் போட்ட கை! இங்க ரெண்டாவது ஓட்டுப் போட வந்திருக்கு!"

"கையை மட்டும் வச்சு எப்படிங்க ஓட்டுப் போடுறது?" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

"உங்க கட்சி இதைவிடக் கம்மியா வச்செல்லாம் போட்டிருக்கு!"

"இன்ஜினியர்!" பெட்டிமேல் படுத்தபடியே நாசாரியோ அலறினார். "சட்டம் என்ன சொல்லுது?"

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் என் நாடாவுக்கு இப்படி ஒரு வேலை வந்ததில்லை. போய் அளந்தேன். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

"கை முழுசும் ஆறாம் தொகுதியிலதான் இருக்கு," என்று உரக்கச் சொன்னேன். "எல்லை மீறல் இல்லை."

டோன்யா எத்தெல்வினா சலவைக்கல்லிலிருந்து தட்டை எடுத்தார். சுண்ணாம்புக் கோட்டின் முன்னால் வந்து ஒரு நொடி நின்றார். பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி, காலை எட்டி வைத்துத் தாண்டினார். தமாலை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வைத்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை.

"ஆறிப்போச்சு," என்றார். "எட்டு மணிக்கே வந்து தொலையறதுக்கு என்ன?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"பள்ளிக்கூடத்துல கூட்டம்டி அக்கா."

அந்த அம்மா இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டார். கை தமாலோடு உள்ளே போனது. தபால்காரரின் மனைவி மறைப்பிலிருந்து சீட்டோடு வெளியே வந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எல்லாரையும் கேட்டார். நாசாரியோ பெட்டியிலிருந்து இறங்கி, டையைச் சரிசெய்து, சம்பவத்தாளை இழுத்து வைத்து என்னைப் பார்த்தார்.

"என்னன்னு எழுத?"

"பத்து நாப்பதுக்குச் சுவர் வழியா ஒரு கை வந்தது, வாக்களிக்கவில்லைன்னு எழுதுங்க."

அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஓஃபேலியா டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டார். மை காய்வதற்குள் சுவரில் மறுபடி காரை உதிர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மடித்த சோள இலை ஒன்று ஓட்டையின் விளிம்பில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தக் கை, ரேகையெல்லாம் செங்கல் தூளோடு, உள்ளங்கையை மேலே விரித்து, இன்னொன்றுக்காகக் காத்திருந்தது.